வண்டி மை போட்ட துப்பாக்கி

காற்றுத் துப்பாக்கிக்கு வண்டி மை போட்ட மனிதர் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் அப்பா. இதை நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் மேலே இருந்தபடியே பல்லைக் கடிப்பார். கடிக்கட்டும். உயிரோடு இருந்தபோதே நான் அவருக்குப் பயந்தவள் இல்லை.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் காடு. கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து, மஞ்சளும் கடலையும் சோளமும் வைப்போம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ரோடு வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் எங்கள் காட்டை ஒட்டிக் கூடாரம் அடித்து இரண்டு மாதம் இருந்தார். அவருக்குத் தினமும் பாலும் இளநீரும் போனது எங்கள் வீட்டிலிருந்துதான். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு அவர் அப்பாவைக் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, தன்னுடைய காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். துரை கை கொடுத்த கதையை அப்பா சொல்லிக் கேட்காத உறவுக்காரர் எவரும் எங்கள் பக்கத்தில் கிடையாது.

அது அமெரிக்காவில் செய்தது. மருந்து, தோட்டா, புகை ஒன்றும் வேண்டாம். குழலுக்கு அடியில் இன்னொரு பித்தளைக் குழாய். அதன் முனையில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியைத் தரையில் ஊன்றித் துப்பாக்கியைப் பிடித்துக் கீழே அழுத்தி அழுத்தி எடுத்தால் உள்ளே காற்று ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைத் தலைகீழாகப் பிடித்த மாதிரிதான். பத்துக் குத்துக் குத்திவிட்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஈய ரவையைப் போட்டு விசையை இழுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும்.

சோளக் காட்டில் கிளி விரட்டத்தான் துப்பாக்கி என்பார் அப்பா. அவர் சுட்டு ஒரு கிளிக்கும் அடிபட்டு நான் பார்த்ததில்லை. கதிருக்குத்தான் அடிபட்டது. ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று அந்திக்கு மட்டும் அவர் குறி தப்பாது. புளிய மரத்துக் கிளையில் மண்சட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, உறவுக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, ஒரே ரவையில் உடைத்துவிடுவார். சட்டி உடைந்தால்தான் எங்கள் வீட்டில் பொங்கல் முடிந்ததாக அர்த்தம். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு அவரைக் கையில் பிடிக்க முடியாது.

என்னைக் கட்டிக்கொண்டவர் என் தாய்மாமன் மகன். உரிமை மாப்பிள்ளை. அவருக்குப் பங்காக மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் அதை விற்றுவிட்டு ராசிபுரம் கடைவீதியில் சைக்கிள் கடை போட்டார் மனிதர். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். மழையை நம்பி வானத்தைப் பார்ப்பதைவிட ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருவது மேல் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. விற்ற பிறகுதான் அப்பாவுக்குச் சொன்னோம். அது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா எங்கள் காட்டு வரப்பில் நின்று கத்தியது ஒக்கிலிப்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான் காட்டுக்காரனுக்குத்தான் பொண்ணு குடுத்தேன். சக்கரத்துக்குக் காத்தடிக்கறவனுக்கா குடுத்தேன்? அவன் மறுபடியும் ஒரு ஏக்கராவாச்சும் வாங்கட்டும். அதுவரைக்கும் அந்த ஊட்டுப் படிய மிதிக்க மாட்டேன். ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன். இது சத்தியம்!"

கோபத்தில் சொன்னது, நாலு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சந்தை நாள் தவறாமல் வண்டி கட்டிக்கொண்டு ராசிபுரம் வருவார். எங்கள் கடைக்கு எதிரே வேப்ப மரத்தடியில்தான் வண்டியை நிறுத்துவார். ஊரில் வேறு மரமே இல்லையா? இருக்கிறது. ஆனாலும் அங்கேதான். வண்டியோட்டி மூலமாகக் கத்தரிக்காயும் அவரைக்காயும் மூட்டை மூட்டையாக வரும். அப்பா வரமாட்டார். நான் வண்டியடிக்குப் போய் நின்று பேசுவேன். மோர் கொண்டுபோனால் வாங்கமாட்டார். தொண்டை வறண்டு குரல் கம்மிப்போயிருக்கும், ஆனாலும் மூன்று கடை தள்ளிப் போய்ச் சோடா வாங்கிக் குடிப்பார். பெற்ற மகள் வீடு பத்தடியில் இருக்கும்போது, காசு கொடுத்துச் சோடா! எனக்கு அந்தச் சோடாக்காரர் மேலேகூட ஆத்திரம் வரும். அவர் என்ன பாவம் செய்தார். என் அப்பா என் கையால் ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்பதைத் தவிர அந்த நாளில் எனக்கு வேறு ஆசையே இல்லை. அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது, கார்த்திகை மாதம் ஒருநாள் வண்டியோட்டி முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு சாக்குப் பொட்டலத்தையும் கொண்டுவந்து இறக்கினார். பிரித்தால் துப்பாக்கி.

"காத்தே நிக்கறதில்லீங்க. பொங்கலுக்குள்ள ஆகோணும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. பெரியவருகிட்ட நாமகிரிப்பேட்டை ஆசாரிகிட்டக் குடுத்துருக்கறதாச் சொல்லிருக்கறாங்க. வெளிய தெரிய வேண்டாமுங்க" என்றார் காதோடு காதாக.

அம்மா சூட்சுமக்காரி. தன் அண்ணன் மகன் கையில் அந்தத் துப்பாக்கி சரியானால் அப்பாவின் மனசும் சரியாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சைக்கிள் பம்பும் ஸ்டவ் பம்பும் பிரித்துப் பிரித்து அலுத்துப்போன கை அல்லவா. அன்றைக்கே கடை நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்க மரக்கட்டையைக் கழற்றினார். குழாயின் மூடியைத் திருகி எடுத்தார். கம்பியைப் பிடித்து உருவினார். உள்ளேயிருந்து கருகருவென்று பசை வந்தது. விரலில் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அவருக்குப் புரியவில்லை. எனக்கு முகரவே வேண்டியிருக்கவில்லை. வண்டிச் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். வைக்கோலை எரித்த சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்தால் வருகிற வாசம் அது.

"ஏனுங்க, இது வண்டி மைங்க!"

அப்பா ஆசையாக வைத்திருந்த துப்பாக்கியில் கம்பி கிறீச்சென்று சத்தம் போட்டிருக்கிறது. மாட்டு வண்டி அச்சு கிறீச்சிட்டால் என்ன செய்வோமோ அதையே அதற்கும் செய்திருக்கிறார். கொஞ்ச நஞ்சமா? கால்படி இருக்கும்! என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்கு வாய் நிற்காது. பஞ்சர் ஒட்ட வந்தவரிடம் சொன்னார். தபால்காரரிடம் சொன்னார். வாத்தியார் ஒருவர் பிரேக் கட்டை மாற்ற வந்தார், அவருக்கு நடித்தே காட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த சந்தைக்குள் செய்தி நாமகிரிப்பேட்டை போய்விட்டது.

சந்தை நாள் காலையில் வண்டி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. கடை வாசலுக்கே வந்து நின்றது. அப்பா குதித்து இறங்கி, சாக்கடை மேல் போட்டிருந்த பலகைக் கல்லில் நின்றார். அதைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னால் வரவில்லை. அந்தக் கோபத்திலும் சத்தியம் ஞாபகம் இருந்திருக்கிறது பாருங்கள்.

"அம்மிணி! எம் துப்பாக்கிய எடுத்தாரச் சொல்லு அவன!"

நான் சாக்கைக் காட்டினேன். திருகாணி, சுருள், குழாய், கட்டை, கம்பி என்று எல்லாம் தனித்தனியாகக் கிடந்தது.

"இதென்னது?"

"துப்பாக்கிங்கப்பா."

"துப்பாக்கியா? கடலை காயப்போட்டாப்பல கெடக்குது!"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், என்னைப் பார்த்து, "வண்டி மைய வழிச்செடுக்கவே ரெண்டு நாளாச்சுன்னு மாமாகிட்டச் சொல்லு" என்றார். மாமா பத்தடியில்தான் நிற்கிறார்.

"வண்டிக்குப் போட்டா வண்டி ஓடுதில்ல? இதுக்குப் போட்டா என்ன கேடுன்னு அவனக் கேளு" என்றார் அப்பா, அவரும் என்னையே பார்த்து.

"அச்சு வழுக்கோணும், அதுக்கு மை சரி. இதுல உள்ளாற காத்த அடைக்கறதுக்கு ஒரு சின்னக் கதவு இருக்குது. கதவு இடுக்குல மணல் சிக்குனாக் கதவு சாத்துமான்னு கேளு. அந்தச் சாம்பல் அப்படித்தான் சிக்கிக் கெடக்குது."

அப்பா மீசையைத் தடவினார். பிரித்துப் போட்டதை மூட்டை கட்டிக்கொண்டு போகவும் முடியாது. "அடுத்த சந்தைக்குள்ள மாட்டி வெக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அவர் போனதும் நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வாய்க்குத்தானுங்க மொதல்ல ஒரு கதவு வெக்கோணும்! எங்கப்பன் மானத்த ரோட்டுல காயப்போட்டீங்களே! இனி எங்கத்தாலங்க அவரு இந்த ஊட்டுக்கு வருவாரு?" அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. துப்பாக்கி நல்லபடியாகச் சரியானால் ஒழிய எனக்கு அப்பா இல்லை என்று அப்போதுதான் நன்றாக உறைத்தது.

மண்ணெண்ணெய் கிடைக்காத உலக யுத்தக் காலம். விளக்குக்கு வைத்திருந்ததை ஊற்றி, கோழி இறகால் குழாயைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். அந்தச் சின்னக் கதவில் ஒட்டியிருந்த சாம்பலை மூங்கில் குச்சியைச் சீவி, சுரண்டாமல், தொட்டுத் தொட்டு எடுத்தார். இரும்பு படக்கூடாதாம், கீறல் விழுந்தால் அதோடு சரியாம். நானும் சும்மா இருக்க வேண்டாமே என்று குழலையும் குழாயையும் எடுத்துக்கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். மேலே கறுப்பாக ஏதோ அழுக்குப் படிந்திருந்தது. விடுவேனா? செங்கல் பொடியும் சேர்த்துத் தேய்த்ததில் தங்கம் மாதிரி பளபளத்தது.

அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி! அது அழுக்கில்ல, கம்பெனிக்காரன் பூசுன கறுப்பு!"

எனக்கென்ன தெரியும். எங்கள் வீட்டில் பித்தளை என்றால் மின்னவேண்டும், அவ்வளவுதான். அடுத்த சந்தையன்று வண்டியிலிருந்து அதைப் பார்த்த அப்பா, "கோயில் கலசமாட்ட இருக்குதே! கிளி நாலு காட்டுக்கு அக்கட்டாலயே பாத்துப் பறந்துருமே!" என்று கத்தினார். நான் தேய்த்தது என்று சொன்னதும் அடங்கிவிட்டார். "செரி, பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அடுத்தது தோல். கம்பியின் முனையில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாசர் இருக்கும். குழாயின் உள் சுவரோடு ஒட்டிக்கொண்டு காற்றைத் தள்ளுவது அதுதான். பழையது காய்ந்து வெடித்துத் தூள் தூளாக வந்தது. பட்டணத்துக்கு எழுதிப் போட்டால், கப்பல் வருவதில்லை, சைக்கிளுக்கே சாமான் இல்லை என்று பதில் வந்தது. சைக்கிள் பம்பு வாசரைப் போட்டுப் பார்த்தார், குழாய்க்குள் லொடலொடவென்று ஆடியது. ஸ்டவ் வாசர் இன்னும் சின்னது. செருப்புத் தைக்கிறவரிடம் தோல் வாங்கி வெட்டிப் போட்டார், அது விறைத்துக்கொண்டு மடங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மாட்டி, தரையில் ஊன்றிக் குத்துவார். நாலு குத்துக்குள் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. மார்கழி பிறந்துவிட்டது. பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

இதையெல்லாம் அப்பா சந்தைக்குச் சந்தை வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் விற்கப் போகவேண்டிய மனிதர், வண்டியோட்டியை அனுப்பிவிட்டு இங்கே காவல். நடுவில் நான் மத்தளம். "தோலு மொரடாட்ட இருக்குதுன்னு சொல்லு." "அது எங்களுக்கும் தெரியும்னு சொல்லு." "அவசரப்படறான்னு சொல்லு." "பொங்கலு யாருக்காகவும் நிக்காதுன்னு சொல்லு." ஒருநாள் எனக்குப் பொறுக்காமல், "ரெண்டு பேருக்கும் வாயிருக்குதில்ல, நேராப் பேசிக்கங்க!" என்று உள்ளே போய் மாவாட்ட உட்கார்ந்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் ஒருவர் மாட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார், ஒருவர் திருகாணியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது தோலும் புஸ் என்றது.

அப்போது அப்பா, என்னைக் கூப்பிடாமல், மாட்டிடம் சொல்வது போலச் சொன்னார். "சால் தோலு போட்டா நிக்குமா என்னமோ."

கவலையில் தண்ணீர் மொள்ளுகிற சாலுக்கு அடியில் தும்பிக்கை போல ஒரு தோல் தொங்கும். எத்தனை வருஷமானாலும் தண்ணீரில் முங்கியும் வெயிலில் காய்ந்தும் உழைக்கவேண்டிய தோல் அது. வெடிக்காமல் இருக்கப் புங்க எண்ணெய் தடவித் தடவி வைப்பார்கள். கெட்டியாகவும் இருக்கும், துணி மாதிரி மடங்கவும் மடங்கும்.

என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "நிக்குமுங்க மாமா! கண்டிப்பா நிக்கும்! எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க!"

இரண்டு வருஷத்தில் அவர் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அப்பா அவரைப் பார்த்தார். "பழைய சாலு ஒண்ணு அட்டத்துப் பரண் மேல கெடக்குது" என்றார். சொன்னது என்னவோ மாட்டிடம்தான். நான் மாவாட்டும் கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மறுசந்தை வரை அப்பா காத்திருக்கவில்லை. இரண்டே நாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் அதை ஒரு ராத்திரி ஊறவைத்தார். குழாயின் அளவுக்கே ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தேடிப்பிடித்து, ஊறின தோலை அதன் வாயில் வைத்து, கடைந்த மரக் கட்டையால் உள்ளே அழுத்தி, அப்படியே நிழலில் வைத்துவிட்டார். மூன்று நாள் யாரும் தொடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. நான்காம் நாள் எடுத்தால் கிண்ணம் மாதிரியே நின்றது. விளிம்பைச் சவரக் கத்தியால் சீவி, எண்ணெய் ஊட்டி, கம்பியில் மாட்டினார்.

அது சந்தை நாள். அப்பா வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டையை இன்னும் மாட்டாமல், பித்தளைக் குழாயை மட்டும் ஊன்றி, என் வீட்டுக்காரர் குத்தினார். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, பத்து. புஸ் வரவில்லை. அவருக்கு அது போதவில்லை. கசிவு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்குமாம். பஞ்சர் பார்க்கிற சட்டி சின்னது. குழாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து கொல்லைப் பக்கம் போனார்.

"எங்க கொண்டு போறான்?" என்றார் அப்பா.

"கொல்லைல தண்ணித் தொட்டிக்குங்கப்பா. முக்கிப் பாக்கப் போறாரு."

"என்னது! தண்ணீலயா! துரை குடுத்த துப்பாக்கியடா அது!"

வண்டியிலிருந்து குதித்தது தெரியும், பலகைக் கல்லைத் தாண்டியது தெரியாது. கடையில் தொங்கிய சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு, நிலைப்படியில் தலையைக் குனிந்து, என் அடுப்பங்கரை வழியாகச் செருப்புக் காலோடு ஓடினார் மனிதர். நான் பின்னாலேயே ஓடினேன். போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரர் குழாயைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். பிடுங்கப் போன அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஒரு குமிழி இல்லை. மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு சின்னக் குமிழிகூட வரவில்லை.

"நின்னுருச்சுங்க மாமா" என்றார் அவர்.

"நின்னுருச்சுடா மாப்ளே!" என்று அவர் முதுகில் ஒரு அடி வைத்தார் அப்பா. வைத்துவிட்டுத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். கொல்லையில் கட்டியிருந்த எருமையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். முகம் போன போக்கு! திரும்பிப் போகலாம் என்று இரண்டடி வைத்தார். நான் அடுப்பங்கரை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நான் துப்பாக்கிக்குத்தான் வந்தேன் அம்மிணி."

"செரீங்க. துப்பாக்கிக்கு வந்தவருக்குப் பசிக்காதா?"

"சத்தியம் பண்ணிருக்கறேன், சாமி."

"நானும் ரெண்டு வருசமாச் சமையல் பண்ணிட்டுத்தான் இருக்கறேன். சந்தைக்குச் சந்தை உங்களுக்கும் சேத்துத்தான் ஒலை வெக்கறேன். உங்க சோத்த அந்திக்கு எருமைக்கு ஊத்தறேன். எங்க எருமைக்குத் தெரியற என் கை ருசி உங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

அதட்டலாகச் சொல்லத்தான் நினைத்தேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் செய்திருந்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

போகும்போது பலகைக் கல்லில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டு, "இது கணக்குல சேராது. துப்பாக்கிக்காக உள்ள வந்தது" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது அவருக்கு. நாங்களும் சேர்க்கவில்லை.

அந்த மாட்டுப் பொங்கலுக்கு நாங்களும் போயிருந்தோம். பளபளவென்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து, பத்துக் குத்துக் குத்தி, ஒரே ரவையில் சட்டியை உடைத்தார். எல்லாரும் கேட்டார்கள், யார் சரி பண்ணியது என்று. "மாப்ளதான். ஆனாத் தோலு என்னுது" என்றார். வண்டி மையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் திறந்துவிடுவாரோ என்று நான் அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்த முதல் சந்தைக்கு அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வண்டியை மரத்தடியில் விட்டுவிட்டு நேராகப் படியேறினார்.

"மாப்ளே, காத்து எறங்குதாட்ட இருக்குது. என்னன்னு பாரு."

என் வீட்டுக்காரர் வாங்கிக் குத்திப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஆமாங்க மாமா, கொஞ்சம் எறங்குது. பிரிச்சுப் பாக்கோணும். நேரமாகுமுங்க" என்றார். அன்றைக்குத்தான் அவர் வாயும் சரியாக அடைக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நேரமாகும் என்றால் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்.

அதற்கப்புறம் சந்தைக்குச் சந்தை இதே கதைதான். விசை தடுக்குது என்பார், கம்பி உரசுது என்பார். ஒரு குறையும் இருக்காது. இவர் பிரித்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஒரே சொட்டுத்தான் என்று அப்பா கண் முன்னால் அழுத்திச் சொல்லிக்கொண்டே விட்டு, மூடிக் கொடுப்பார். வைக்கும்போது ஒரு குத்துக் காற்று உள்ளே இருக்கட்டும், கதவு பழகிப் படிந்திருக்கும் என்பார். அப்பா அக்கறையாகத் தலையை ஆட்டுவார். இந்த ஜில்லாவில் அவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்ட துப்பாக்கி போலீஸ்காரர்களிடம்கூட இருந்திருக்காது.

சித்திரை மாதத்துச் சந்தை ஒன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா வேர்த்து வழிய வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, மணைப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, இன்னைக்கு என்னமோ சத்தம் ஒரு மாதிரி வருது. பாரு" என்று சொல்லிக்கொண்டே கக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனார்.

அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த பக்கம் பார்த்தார். துண்டைத் தூக்கிப் பார்த்தார். வாசலில் எட்டி வண்டியைப் பார்த்தார். துப்பாக்கி நாமகிரிப்பேட்டையில், அதன் ஆணியில், பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் சட்டென்று ஒரு சக்கரத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகத் திருக ஆரம்பித்துவிட்டார். தலை நிமிரவே இல்லை. நான் அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். வெறுங்கையைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றார்.